கும்பிடு பூச்சியின் கூடு: தை, மாசி நாட்குறிப்பு

ஜனவரி 17

நேற்று இரவு தொடங்கியிருக்க வேண்டும். விடியுமுன் விளக்கைப் போட்டபோது, என் கும்பிடு பூச்சி கறிவேப்பிலைக் குச்சியில் தலைகீழாகத் தொங்கியபடி, வயிற்று நுனியை இடமும் வலமுமாக அசைத்துக் கூட்டின் கடைசிப் பகுதியைப் பூசிக்கொண்டிருந்தாள். வயிற்றிலிருந்து கசியும் நீரை அந்த நுனியே அடித்து நுரையாக்குகிறது. முட்டைகள் அந்த நுரைக்குள் வரிசை வரிசையாக அமர்கின்றன. அவள் ஒரு முறையும் திரும்பிப் பார்க்கவில்லை. தொடுவுணர்வு ஒன்றே அவளுக்குப் போதுமானதாக இருக்கிறது. காலையில் ஆற்றிய பாலின் நுரையைப் போல வெளுத்திருந்த கூடு, மாலைக்குள் இளம்பழுப்பாகி இறுகிவிட்டது. இரவு ஒரு வெட்டுக்கிளியைக் கொடுத்தேன். இறக்கையைத் தவிர முழுவதையும் தின்றாள்.

ஜனவரி 18

கூட்டைக் குச்சியிலிருந்து பெயர்க்கவில்லை. குச்சியோடு நறுக்கி, அவள் கட்டிய அதே வாக்கில், கண்ணாடிச் சாடியின் வாயில் குறுக்காக வைத்த கம்பியில் நூலால் கட்டினேன். குஞ்சுகள் வெளிவரும் வரிப்பகுதிக்குக் கீழே ஒரு சாண் இடமாவது வெறுமையாக இருக்க வேண்டும். பிறந்ததும் அவை தொங்கிக்கொண்டுதான் முதல் தோலை உரிக்கும். இடித்துக்கொண்டால் கால்கள் கோணிவிடும். அடியில் தேங்காய் நார்த்தூள், மேலே மல் துணி. கொசுவலையின் கண்ணுக்குள் குஞ்சு நுழைந்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்தேன். மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் இறக்கிவைத்தேன். எறும்பை நினைத்தால்தான் எனக்கு உறக்கம் வருவதில்லை. பிரான்சின் தெற்கே கும்பிடு பூச்சிகளைக் கூண்டில் வளர்த்துக் கவனித்த பூச்சியியலாளர் ஃபாபரும், பிறக்கும் வேளையில் குஞ்சுகளைச் சூறையாடுவதில் எறும்புக்கு நிகரில்லை என்றே கண்டிருக்கிறார்.

ஜனவரி 20

மாற்றம் ஒன்றும் இல்லை.

ஜனவரி 26

கோவையின் காற்று இந்த வாரம் மிகவும் வறண்டிருக்கிறது. ஈரப்பதமானி நண்பகலில் நாற்பதைத் தாண்டவில்லை. ஈரம் குறைந்தால் முட்டைக்குள்ளேயே குஞ்சு காய்ந்துவிடும், மிகுந்தால் கூட்டின் மேல் பூஞ்சணம் படரும். இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதையே நாள் முழுதும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றுவிட்டு ஒரு நாள் மாலையில் சாடியின் சுவர்மீது மட்டும் தண்ணீர் தெளிக்கிறேன், கூட்டின்மீது நேராகப் பீய்ச்சுவதில்லை. மறுநாள் காலைக்குள் சுவர் உலர்ந்திருந்தால் அளவு சரி என்று கொள்கிறேன்.

ஜனவரி 31

ஜெர்மனியிலிருக்கும் தோழி, கூட்டைச் சில வாரங்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்குமாறு எழுதியிருக்கிறாள். அவள் ஊர்ப் பூச்சிக்கு அது பொருந்தும். பனிக்காலத்தை முட்டையாகவே உறங்கிக் கழிக்கும் இனங்களுக்கு அந்தக் குளிர் தேவை. நம் வேலிகளில் வாழும் இந்தப் பச்சைப் பெரும்பூச்சியின் முட்டைக்கு அத்தகைய உறக்கம் கிடையாது, குளிரூட்டினால் அது செத்துப்போகும். இருபத்தைந்து முதல் முப்பது பாகை வரை வெப்பம் இருந்தால் ஐந்தாறு வாரங்களில் பொரிந்துவிடும். இரவுக் குளிர் இறங்கும்போது நாள்கள் நீளும்.

பிப்ரவரி 4

வேலியில் கிடைத்த கூட்டை வைத்திருந்த மற்றொரு சாடியில் இன்று காலை குளவிகள் இருந்தன. கொசுவைவிடச் சற்றே பருத்த, பச்சை உலோகம் மின்னும் உடல். பின்தொடை உருண்டு தடித்து, அடிப்புறத்தில் பற்களோடு இருக்கிறது. பெண் குளவிக்கு உடலைவிட நீண்ட முட்டையிடு குழல், பின்னால் ஓர் இழையாக நீட்டிக்கொண்டிருக்கிறது. பொடாக்ரியான் என்னும் ஒட்டுண்ணி இனம் இது. அந்தக் குழலை நுரைச் சுவருக்குள் செலுத்தித் தன் முட்டையை வைக்கும். அதன் புழு, கும்பிடு பூச்சியின் முட்டையை உள்ளிருந்தே தின்று வளரும். கூட்டின் பக்கவாட்டில் குண்டூசி முனையளவு வட்டத் துளைகள் தெரிந்தன. கும்பிடு பூச்சிக் குஞ்சுகள் ஒருபோதும் அப்படித் துளையிட்டு வருவதில்லை, நடுவரியின் மடிப்புகளை விலக்கிக்கொண்டே வரும்.

சாடியை வேலியடிக்குக் கொண்டுபோய்த்தான் துணியை அவிழ்த்தேன். அவற்றைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலியில் பிறந்தவை வேலிக்கே போகட்டும். அந்தக் கூட்டையும் எறியவில்லை, ஏனென்றால் குளவி பெரும்பாலும் எல்லா முட்டைகளையும் எட்டுவதில்லை, எஞ்சியவை பிறக்கக்கூடும். என் கவலை வேறு. ஒரே ஒரு பெண் குளவி நான் அறியாமல் அறைக்குள் தங்கியிருந்தால், என் கும்பிடு பூச்சியின் கூட்டுக்குக் கதி என்ன? மல் துணியின் முடிச்சைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தேன். இரவு பதினொரு மணிக்கு எழுந்து உருப்பெருக்கியோடு மறுபடியும் பார்த்தேன். துளை இல்லை.

பிப்ரவரி 6

அவள் இறந்துவிட்டாள். இன்னொரு கூடு கட்டவில்லை.

பிப்ரவரி 11

“ஏங்கண்ணு, அதுல ஒண்ணும் இருக்காது போல, இன்னும் எதுக்கு வெச்சுட்டிருக்கிற?” என்று அத்தை கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் வெறுங்கூடும் வெளிப்பார்வைக்கு இப்படியேதான் இருக்கும். ஆணோடு சேராத பெண்ணும் இதே அழகோடு கூடு கட்டுவாள். மார்கழியில் ஆணை விட்டபோது அது மாலையிலிருந்து விடியும்வரை அவள் முதுகில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு சேர்க்கையின் விந்தே அவள் வாழ்நாளின் கூடுகளுக்கெல்லாம் போதுமானது. அதற்குமேல் என்னிடம் சான்று எதுவும் இல்லை. சீன மருத்துவத்தில் முசுக்கட்டை மரத்துக் கூடுகளை ஆவியில் வேகவைத்து உலர்த்திப் பயன்படுத்துவார்கள் என்பது இன்று ஏனோ நினைவுக்கு வந்து, நெடுநேரம் மனத்தை விட்டு அகலவில்லை.

துளை இல்லை.

பிப்ரவரி 19

வீடு மாறுகிறோம், நாளை வண்டி வருகிறது. பாத்திரங்களையும் புத்தகங்களையும் மற்றவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், நான் சாடிகளைப் பற்றி மட்டுமே பேசுவதாக எல்லோருக்கும் வருத்தம். கூடு உறுதியானது, மழையையும் காற்றையும் தாங்கவே அந்த நுரை இறுகுகிறது. ஆனால் நூல் அறுந்து கூடு கவிழ்ந்து, வரிப்பகுதி நார்த்தூளில் அழுந்திவிட்டால் குஞ்சுகளுக்கு வழி அடைபடும். இரண்டாவது நூல் கட்டினேன். சாடிகளை மடியில் வைத்துக்கொண்டு போவதாக முடிவு.

பிப்ரவரி 20

வந்து சேர்ந்தோம். இரண்டும் நலம். தண்ணீர்க் கிண்ணங்கள் எந்த மூட்டையில் இருக்கின்றன என்று தெரியவில்லை; சமையலறைக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 26

பழ ஈக்கள் தயாராகிவிட்டன. கனிந்து கறுத்த பூவன் பழத்தை இரண்டு புட்டிகளில் போட்டுத் திறந்து வைத்ததற்கு, இப்போது புட்டியின் சுவரெங்கும் கூட்டுப்புழுக்கள் ஒட்டியிருக்கின்றன. குஞ்சுகள் வராவிட்டால் இத்தனை ஈக்களையும் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 3

பொரிந்துவிட்டன!

ஏழு மணியைத் தாண்டியபோது, நடுவரியில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் பிதுங்கின. ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு கரிய கண்கள். காலும் உணர்கொம்பும் உடலோடு ஒட்டி மடங்கியிருக்க, மெல்லிய உறைக்குள் நெளிந்து நெளிந்து வெளியே வந்து, மயிரிழையினும் மெல்லிய நூலில் தொங்கின. தொங்கிய இடத்திலேயே உறை கிழிந்தது. முதலில் தலை, பிறகு ஒவ்வொன்றாகக் கால்கள். ஒன்றின் உடல்மீது ஒன்று ஏறிப் பெருங்கொத்தாக அசைந்தன. எண்ணத் தொடங்கி, நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். ஒரு குஞ்சுக்கு மட்டும் பின்கால் உறையிலிருந்து விடுபடவில்லை. உதவக் கை துடித்தது, ஆனால் அந்தக் கால்கள் தொட்டாலே வளையும் பதத்தில் இருப்பதால் தொடவில்லை. பத்து மணிக்குள் அதுவும் தானே விடுபட்டது. நண்பகலில் எல்லாம் பழுப்பேறி, தலையைத் திருப்பித் திருப்பி என்னைப் பார்த்தன. கூட்டில் ஒரு துளையும் இல்லை, அடியில் வெண்ணிற உறைகள் மட்டும் தொங்குகின்றன. அத்தைக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

மார்ச் 5

முதல் நாள் எதையும் தின்னவில்லை. சுவரில் தெளித்த துளிகளை மட்டும் குடித்தன. இன்று ஈக்களை விட்டேன். நெருக்கத்தில் ஒன்றையொன்று பிடிக்கத் தொடங்கிவிட்டன, ஆகவே இருபதைத் தனித்தனிப் புட்டிகளுக்கு மாற்றினேன். மற்றவற்றை நாளை காலை இந்த வீட்டுச் செம்பருத்தியிலும் முல்லைப் பந்தலிலும் செடிக்குச் சிலவாகப் பிரித்துவிட வேண்டும். முல்லையின் அடியில் எறும்புப் புற்று இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வேலிக் கூட்டுக்கு இன்று மாலை தண்ணீர் தெளிக்கும் முறை.