ஆயாவின் அகராதிப் பெட்டி

13 ஜனவரி 2025, போகி

விடியறதுக்குள்ள அப்பா வாசலில் கொளுத்திவிட்டார். பழைய பாய், துடைப்பம், கூடவே ஃபெஞ்சல் புயலில் ஊறிப்போன புத்தகங்கள். நவம்பர் 30-ல் ஆரம்பித்து புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை, பீரோவின் கீழ்த்தட்டில் எது தப்பும்? குவியலிலிருந்து ஒன்றை மட்டும் உருவினேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, 'சொல்தா'வாக இருந்த தாத்தாவின் பிரெஞ்சு அகராதி. முதல் நூறு பக்கம் பாளமாக ஒட்டிக் கிடக்கிறது. மீதியில் ராமபாணப் பூச்சியின் ஓட்டை.

"படிக்கவா போற?" என்றார் அப்பா.

இல்லை. நடுவில் குடைந்து, ஆயாவுக்கு வெற்றிலைப் பெட்டி.

14 ஜனவரி

பொங்கல். அகராதி மாடியில் நிழலில் காய்கிறது.

19 ஜனவரி, ஞாயிறு

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழகிப் பார்க்க ஒரு பழைய கம்ப்யூட்டர் பாடநூல், 20 ரூபாய். அதை வெட்ட யாருக்கும் மனசு கஷ்டப்படாது.

22 ஜனவரி

பாடநூல் நாசம். ஃபெவிகாலைத் தண்ணீர் கலக்காமல் தடவியதில் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. நீர்க்கத் தடவி, மேலே அம்மிக்குழவியை ஏற்றி ஒரு ராத்திரி விட்டிருக்க வேண்டும். இன்னொன்று, ஆழம் போகப் போக மூலைகள் உள்ளே நகர்கின்றன. மேலே செவ்வகம், அடியில் புனல். பத்துப் பத்துப் பக்கமாக, இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, பிளேடு மழுங்குமுன் மாற்றி வெட்டினால்தான் சுவர் நேராக நிற்கும்.

26 ஜனவரி

அகராதியை வெட்டினேன். மூன்று மணி நேரம், நாலு பிளேடு, ஒரு கொப்புளம். 'எஸ்' எழுத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. 'சவோன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலில் "சவுக்காரம்", மூக்கு நீண்ட 'ச'. தாத்தா! அதற்குக் கீழே வெட்டவில்லை. அந்தப் பக்கமே பெட்டியின் தரை.

உள் சுவருக்கு ஆயாவின் பழைய ரவிக்கைத் துணி, மைதா பசை. பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்க்கச் சொன்னார் பைண்டிங் கடைக்காரர். வாயில் போடும் வெற்றிலைக்குப் பக்கத்தில் விஷமா? வேண்டாம் என்றுவிட்டேன்.

28 ஜனவரி

ஆயாவிடம் கொடுத்தேன். பாக்குவெட்டி உள்ளே போகவில்லை.

"இன்னும் ரெண்டு விரக்கடை தோண்டேன்டி."

"தாத்தா எழுத்து இருக்கு ஆயா, அதான்."

கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். "அவரு எங்க எழுதினாரு? இது என்னுது. ஃபிரான்சுல கடைக்குப் போனது நான்தான?"

பன்னீர்ப் புகையிலையை அதன்மேல் வைத்து மூடிவிட்டாள். பாக்குவெட்டி இடுப்பிலேயே இருக்கிறது.