ஏழு கிலோ குறைந்தபோது எல்லோரும் பாராட்டினார்கள்

92 கிலோ இருந்தவன் நாலே மாதத்தில் 85-க்கு வந்தேன். காலையில் நடக்க ஆரம்பித்திருந்த சமயம்; அந்தக் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன். ஆணியால் பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன். "அண்ணே, பத்து வயசு குறைஞ்சிட்டீங்க" என்றார் டீக்கடைக்காரர். மாடி ஏறினால் மூச்சு வாங்குவதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.1 என்று குறைவாக வந்ததும் டாக்டரின் முகம் மாறியது. பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபிக்கு எழுதிக் கொடுத்தார். முந்தின இரவு லிட்டர் கணக்கில் குடித்த பேதி மருந்துத் தண்ணீரை நினைத்தால் இன்னும் குமட்டுகிறது. பெருங்குடலின் வலது பக்கம் கட்டி. ஆபரேஷனில் எடுத்த 18 நிணநீர் முடிச்சுகளில் இரண்டில் பரவியிருந்தது. மூன்றாம் நிலைப் புற்றுநோய்.

"குண்டா இருந்ததாலயா டாக்டர்?" என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டேன். உங்களுக்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் தொடர்பு உண்டு என்றார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் அதிக உடல் கொழுப்போடு தொடர்புபடுத்திய 13 புற்றுநோய்களில் பெருங்குடலும் ஒன்றாம்.

என் தொப்பையைக் காட்டி, "இது சும்மா கிடக்கிற மூட்டை இல்ல, சுரப்பி மாதிரி வேலை பார்க்குது" என்றார். வயிற்றுக் கொழுப்பு கூடினால் இன்சுலின் சரியாக எடுபடாது. கணையம் இன்னும் இன்னும் சுரந்து தள்ளும். அந்த இன்சுலின் குடல் செல்களைப் பெருகச் சொல்லும், சாக வேண்டியதையும் சாக விடாது. கொழுப்பிலிருந்து அழற்சிப் பொருட்கள் வேறு கசியும். அந்த அழற்சியை அடக்கி வைக்கும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோன் குறைந்துபோகும். நம்மூர் ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டுமாம். ஏழு கிலோ போன பிறகும் எனக்கு 101. கட்டி தின்றது பெரும்பாலும் தசையைத்தான் போல.

பயத்தில் சோற்றை நிறுத்தினேன். டாக்டரிடம் திட்டு விழுந்தது. கீமோ சமயத்தில் பட்டினி கிடந்தால் மிச்சத் தசையும் கரையும், மருந்தைத் தாங்க முடியாது என்றார். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் நர்ஸம்மா எடை பார்ப்பார். உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் மருந்தளவு. மருந்து ஏறிய சில நாட்களுக்குப் பச்சைத் தண்ணீர் டம்ளரைத் தொட்டாலே விரலில் முள் குத்தும். வெந்நீரும் முட்டையும் சுண்டலுமாக நாலு சுற்று முடிந்தது.

இப்போது 87. "மறுபடி சதை போட்டுட்டீங்களேண்ணே" என்கிறார் டீக்கடைக்காரர். இடுப்பைச் சுற்றிய டேப்பில் 97 காட்டுகிறது.