ஸ்னோவுக்குக் கீழே கிடக்கிற வீடு

ஜனவரி 10
ரொறன்ரோவின் ஸ்காபரோவில், வாங்குவதற்கு வீடு பார்க்கிறேன். ஒரே அச்சில் கட்டின வீடுகள், வரிசையாக. நடு வீட்டுக் கூரையில் மட்டும் ஸ்னோ இல்லை, ஷிங்கிள்ஸ் என்கிற கூரைத் தகடுகள் கறுப்பாகத் தெரிகிறது. அதே வீட்டுக் கராஜின் மேல் ஒரு சாண் ஸ்னோ அப்படியே கிடக்கிறது. கராஜுக்குள் ஹீட் இல்லை, அதுதான் வித்தியாசம். வீட்டுச் சூடு, சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கிற அட்டிக்கால் ஏறிக் கூரையைச் சுட, உருகின தண்ணீர் குளிர்ந்த ஓரத்துக்கு வந்து திரும்ப உறைகிறது. பீலியில் முழங்கை நீளத்துக்கு ஐஸ். அதற்குப் பின்னால் தேங்குகிற தண்ணீர் ஷிங்கிள்ஸுக்கு அடியால் ஏறும்.
"அது எல்லா வீட்டிலயும் தொங்கும் தம்பி," என்றார் ஏஜென்ட்.
பக்கத்து வீட்டில் தொங்கவில்லை.

ஜனவரி 11
பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வீடு பார்ப்பதில்லை. லைட் வெளிச்சத்தில் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

ஜனவரி 14
அட்டிக் மூடி படுக்கையறை அலுமாரிக்குள். ஏணியும் ரோர்ச்சும் கொண்டுபோனது நல்லதாய்ப் போச்சு. கூரைப் பலகையால் வெளியே நீட்டின ஆணி முனை ஒவ்வொன்றிலும் கற்கண்டு ஒட்டினதுபோல் உறைபனி. பலகையில் கறுப்புப் பூஞ்சணம். காரணம் இரண்டடி தள்ளிக் கிடந்தது: பாத்ரூம் ஃபானின் குழாய் கூரைக்கு வெளியே போகாமல் அட்டிக்குக்குள்ளேயே முடிகிறது. குளிக்கிற ஆவி முழுக்க அங்கேதான் உறைகிறது.
சூடு வெளியேறாமல் தடுக்கிற இன்சுலேஷன், அளந்தால் 5 அங்குலம். இன்றைக்கு ஒன்ராறியோவில் கட்டுகிற வீட்டுக்கு ஆர்-60 (சூட்டைத் தடுக்கிற அளவு), கடதாசி நாரால் செய்த செலுலோஸ் என்றால் 16 அங்குலம் வரும். சும்மா மேலே ஊதிவிட்டால் சரிவராது. முதலில் ஃபான் குழாயை வெளியே விடவேண்டும், பிறகு லைட், குழாய் போகிற ஓட்டைகளை அடைக்கவேண்டும், ஓரத்துக் காற்றுவழிகளை மறைக்காமல் கடைசியாகத்தான் ஊதவேண்டும். சாம்பலும் பொன்னுமாய் மினுங்குகிற சிறுகல் போல ஏதும் கிடந்தால் அது வெர்மிகுலைட் என்கிற பழைய இன்சுலேஷன், அதற்குள் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். தொடாமல் மூடியைப் போட்டுவிட்டு இறங்கவேண்டியதுதான்.

ஜனவரி 15
வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் 2006ஆம் ஆண்டுடையது. ஏசி ஓடுமா என்று பார்க்க வழியில்லை. இந்தக் குளிரில் போட்டால் கொம்பிரசர் போய்விடும்.

ஜனவரி 19
மைனஸ் 18. யன்னல் பார்க்க இதைவிட நல்ல நாள் இல்லை. பிளைண்ட்ஸ் எல்லாம் இறக்கியிருந்தது, எல்லாவற்றையும் ஏற்றிப் பார்த்தேன். கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் என்றால் வீட்டில் ஈரப்பதம் கூட, அது குறைக்கக்கூடியது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் புகைச்சல் என்றால் சீல் போய்விட்டது, கண்ணாடி மாற்றவேண்டும். குசினி ஃபான், பாத்ரூம் ஃபான் எல்லாவற்றையும் போட்டுவிட்டு யன்னல் ஓரமாய் ஊதுபத்தியைப் பிடித்தால், காற்று எங்கே வருகிறது என்று புகை காட்டிவிடும்.

ஜனவரி 22
மேல்மாடியில் நடுச்சுவருக்கும் சீலிங்குக்கும் இடையில் விரல்நுனி போகிற வெடிப்பு. இதைப் பார்த்து ஓடவேண்டாம். கூரையைத் தாங்குகிற மரச்சட்டம், அதாவது ட்ரஸ்ஸின் கீழ்மரம் இன்சுலேஷனுக்குள் சூடாய்க் காய்ந்துபோக, மேல்மரம் குளிரில் ஈரம் பிடிக்க, கீழ்மரம் மேல்நோக்கி வளையும். கோடையில் தானாக மூடும். ஓக் தரையின் இடைவெளியும் அப்படித்தான். இதைக் காட்டி விலை குறைக்கக் கேட்கிறவர்கள் உண்டு, கேட்கட்டும்.

ஜனவரி 23
அந்த வழியால் திரும்பவும் போனேன். கூரை இன்னும் கறுப்பு.

ஜனவரி 27
பேஸ்மென்ற், நிலத்துக்குக் கீழே இருக்கிற தளம். ஜனவரியில் காய்ந்திருக்கிறது என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. நிலம் உறைந்து கிடக்கிறது, தண்ணீருக்கு வர வழியில்லை. மார்ச்சில் உருகும்போதும் கோடை மழைக்கும்தான் தெரியும். 2013 ஜூலை 8 பியர்சன் விமான நிலையத்தில் ஒரே நாளில் 126 மில்லிமீற்றர். அன்றைக்கு இந்தப் பேஸ்மென்ற் எப்படி இருந்தது?
வாயால் சொல்லமாட்டார்கள். இரும்புத் தூணின் அடியில் கறள், படிக்கட்டு மரத்தின் கீழ்நுனியில் கறுப்பு, சுவரில் வெள்ளை உப்பு, கார்ப்பெட் மூலையைத் தூக்கினால் கறள்பிடித்த ஆணிப்பட்டி. சுவரின் கீழ் இரண்டடிக்கு மட்டும் புதுப் பெயின்ற். மணக்கிற மெழுகுதிரி. மூலையில் டிஹியூமிடிஃபயர், காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிற மெஷின், ஓடுகிறது. காற்றே காய்ந்து கிடக்கிற இந்த மாதத்தில் அதற்கு என்ன வேலை?
பேஸ்மென்ற் தரைக்கு அடியில் சேர்கிற தண்ணீரை வெளியே தள்ளுகிறது சம்ப் பம்ப். அதன் கிடங்கில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றவேண்டும். மிதவை எழும்பிப் பம்ப் ஓடினால் போதாது, வெளியே போய்க் குழாயால் தண்ணீர் விழுகிறதா என்று பார்க்கவேண்டும். குழாய் உறைந்திருந்தால் பம்ப் உறுமிக்கொண்டு நிற்கும், வீணாய் எரியும்.
கொங்கிரீட்டில் மயிர்போல நேர்க்குத்து வெடிப்பு பெரும்பாலும் சாதாரணம். கல்லடுக்குச் சுவரில் நடு உயரத்தில் படுக்கையாக ஒரு வெடிப்பு என்றால் வெளியே இருந்து மண் தள்ளுகிறது.

பெப்ரவரி 2
வெளிப் பைப்பில் ஹோஸ் இன்னும் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே தண்ணீர் மாட்டி உறைந்து குழாய் வெடித்திருக்கலாம். வசந்தத்தில் திறக்கிற அன்றைக்குத்தான் பேஸ்மென்ற் சுவருக்குள் கொட்டும்.

பெப்ரவரி 3
அலுமினிய வயர். 60களின் கடைசி, 70களில் கட்டின வீடு என்றால் இதைக் கேட்காமல் விடக்கூடாது. ஓஃபர் போட முதல், இந்த வயரோடு வீட்டை ஏற்பார்களா என்று இன்ஷூரன்ஸுக்கு ஃபோன்.

பெப்ரவரி 8
நிலம் எந்தப் பக்கம் சரிகிறது? ட்ரைவ்வே, டெக், பீலித் தண்ணீர் விழுகிற இடம், எல்லாம் ஸ்னோவுக்குக் கீழே. கோடைகாலப் படங்கள் கேட்டாயிற்று. கோடையில் ஏசியைப் போட்டுப் பார்க்கும்வரை கொஞ்சப் பணம் லோயரிடம் நிற்கவேண்டும் என்று ஓஃபரில் எழுதச் சொன்னேன், ஏஜென்டுக்கு முகம் சுருங்கிவிட்டது. சுடுதண்ணீர் டாங்க் வாடகையா என்பதற்கும் பதில் இல்லை.
கூரையைப் பற்றித் திரும்பவும் கேட்டேன். "தம்பி, அதை விடும்."

பெப்ரவரி 12
நாளைக்குப் பிளஸ் 6, மழை. சாவி பத்து மணிக்கு. இரண்டு வாளியும் காரில்.