நீலம் பாய்ந்த ஆர்ம்

"செவக்கலண்ணே, நீலம்தான் வந்துச்சு" என்று, சூடு வைத்த ஸ்டியரிங் ஆர்மைப் பற்றிப் பட்டறையில் தம்பி சொன்னதை நான் ஏற்கவில்லை. ஏற்றிருக்கலாமோ என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய காரில், ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனை மூட்டான டை ராட் எண்டு கழலாமல் அடம்பிடிப்பது புதிதல்ல. டேப்பராக, அதாவது ஒரு முனை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும்படி கடைந்த அதன் தண்டு, சக்கரத்தைத் திருப்பும் கை போன்ற ஸ்டியரிங் ஆர்மின் கண்ணுக்குள், அதாவது துளைக்குள், இறுகி உட்கார்ந்திருக்கும். பல ஆண்டுத் துருவும் சேர்ந்துவிட்டால் நட்டைத் தளர்த்திய பிறகும் அசையாது. தண்டை வெளியே தள்ளும் புல்லர் கருவியை இறுக்கி வைத்து, கண்ணின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி அடித்தால் பெரும்பாலும் பிடி விட்டுவிடும். அன்று இடது பக்கம் எதற்கும் மசியவில்லை. நான் வெளியே போயிருந்த நேரத்தில் தம்பி கேஸைப் பற்றவைத்து ஆர்மின் கண்ணைச் சூடாக்கிவிட்டான்.

எண்டு எப்படியும் புதிதாக மாற்றப்போவதுதான், அதன் ரப்பர் கருகியதில் நட்டமில்லை. ஆர்ம் அப்படியல்ல, அது அடித்து உருவாக்கி, சூடாக்கிக் குளிர்வித்துப் பதம் ஏற்றிய எஃகு. எஃகின் மேல் நீலம் படர்வது ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில். இத்தகைய பாகங்களைப் பதப்படுத்தும்போது பொதுவாக அதைவிட அதிகமான வெப்பத்தைக் காட்டித்தான் முடிக்கிறார்கள் என்பதால், தம்பி சொன்னது சரியென்றால் ஆர்முக்கு ஒரு கெடுதலும் நேர்ந்திருக்காது. ஆனால் இருட்டில் எஃகு மங்கலாகச் சிவக்கத் தொடங்குவதே 500 டிகிரிக்கு மேல்தான். பட்டப்பகல் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு கண்ணில் படுவதற்குள் வெப்பம் இன்னும் ஏறி, ஆர்மின் பதத்தையே இறக்கியிருக்கலாம். அவன் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு உறுதி. அவனால் பார்த்திருக்க முடியுமா என்பதுதான் உறுதியில்லை. நான் திரும்பியபோது கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தமும் செய்துவிட்டிருந்ததால், கண்ணைச் சுற்றி ஒரு நீல வளையம் மட்டுமே எஞ்சியிருந்தது.

வண்டிக்காரருக்கு அது அவருடைய அப்பா ஓட்டிய வண்டி. கழற்றியதையே திரும்பப் போட வேண்டும் என்பது அவர் விருப்பம். "ஊர்ல எல்லாரும் சூடு வெச்சுத்தானே கழட்டுறாங்க, எந்த வண்டியில ஆர்ம் உடைஞ்சிருக்கு, சொல்லுங்க?" என்று கேட்டார். உடைந்த ஒன்றை நானும் பார்த்ததில்லை. பிரேக் போனால் ஹேண்ட் பிரேக்காவது இருக்கிறது, ஸ்டியரிங் ஆர்ம் விட்டுப்போனால் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை என்று மட்டும் சொல்லி மறுத்துவிட்டேன். அந்தப் பதில் இப்போதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

ஆனால் அதற்குப் பதிலாக நான் போட்டது, சென்னையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டையில் உடைத்த ஒரு ஹெரால்டிலிருந்து வந்த ஆர்ம். 1961 இல் சென்னையில் தயாராகத் தொடங்கிய வண்டி அது. கம்பெனியே மூடிப் பல ஆண்டுகளான பின் புது ஆர்முக்கு எங்கே போவது? அந்த ஆர்மை யார், எத்தனை முறை, எவ்வளவு சூடு வைத்துக் கழற்றினார்கள் என்று சொல்ல ஆளில்லை. விரிசலைக் காட்டும் சாயச் சோதனையை அதற்குச் செய்தேன், குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் பதம் இறங்கியிருந்தால் அந்தச் சாயம் காட்டாது. அரத்தால் உரசிக் கடினத்தைப் பார்ப்பதிலும் பயனில்லை, நல்ல ஆர்மையும் அரம் கடிக்கும். அறிந்த ஒரு சூட்டைத் தள்ளிவிட்டு அறியாத பலவற்றை நான் வாங்கிப் பூட்டியிருக்கலாம்.

இனிமேல் எண்டின் கழுத்தை அறுத்து, ஆர்மைக் கழற்றி, பிரஸ்ஸில் வைத்துத் தண்டைத் தள்ள வேண்டும் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அவனும் தலையாட்டினான். நான் அந்த ஆர்மை மறுத்தது சூடு பட்டதாலா, அது என் கண்ணெதிரே படாததாலா என்று அவன் கேட்டிருந்தால், என்னிடம் பதில் இருந்திருக்காது.