மின் இணைப்புக்கு முன்னால் கேபிள்

நெட்வொர்க் பணியில் சேர்ந்த மூன்றாவது வருடம், ஒரு சனிக்கிழமை இரவு, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு மாடியின் இணைப்பு முழுவதையும் நான் துண்டித்தேன். எனக்குக் கொடுத்த வேலை சிறியதுதான். ஸ்விட்ச் என்பது கணினிகளையும் தொலைபேசிகளையும் நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி. சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 3750 ஸ்விட்சுகள் இரண்டு இருந்த ஸ்டாக்கில், அதாவது அடுக்கில், மூன்றாவது ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த வகையில் 9 வரை சேர்க்கலாம். பின்பக்கம் ஸ்டாக் கேபிளால் வளையமாக இணைத்துவிட்டால், எல்லாம் சேர்ந்து ஒரே ஸ்விட்ச் போல நடந்துகொள்ளும். ஒன்று மாஸ்டர், மற்றவை உறுப்பினர்கள். ஸ்விட்ச் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதிவைக்கும் கான்பிகரேஷன் மாஸ்டரிடமிருந்தே எல்லாவற்றுக்கும் போகும்.

சேர்க்க வேண்டிய ஸ்விட்ச் புதிதல்ல. வேறொரு ஸ்டாக்கிலிருந்து கழற்றி வைத்திருந்தது. ஸ்விட்சை இயக்கும் ஐஓஎஸ் மென்பொருளின் வெர்ஷன் பொருந்தாவிட்டால் அது உறுப்பினராகச் சேராமல் ‘வெர்ஷன் மிஸ்மேட்ச்’ என்று நிற்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால் முன்கூட்டியே அதை ஆன் செய்து வெர்ஷனைப் பார்த்தேன், சரியாக இருந்தது. பழைய கான்பிகரேஷனை அழித்து ரீலோட், அதாவது மறுதொடக்கம், செய்தேன். அப்புறம், அணைக்காமலே ரேக்கில் ஏற்றி ஸ்டாக் கேபிள்களைச் செருகினேன்.

சில நொடிகளில் மேலே இருந்த இரண்டு ஸ்விட்சுகளின் விளக்குகளும் அணைந்தன. மின்விசிறிகள் முழு வேகத்தில் இரைந்தன. ரீலோட் ஆகும்போது கேட்கும் அந்த இரைச்சலை அடையாளம் கண்டபோது எனக்குக் கை நடுங்கியது.

மூத்த சக ஊழியரை போனில் கூப்பிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “பவர் ஆன்ல இருக்கும்போதா கேபிள் போட்டீங்க?” என்பதுதான். ஆமாம் என்றேன். “ஷோ ஸ்விட்ச் போட்டு பிரயாரிட்டியைப் படிங்க” என்றார். ஸ்விட்சுக்குக் கட்டளை தரும் கன்சோலில் அந்தக் கட்டளையைப் போட்டு, மாஸ்டரைத் தீர்மானிக்கும் அந்த முன்னுரிமை எண்ணைப் பார்த்தேன். நான் கொண்டுவந்த ஸ்விட்சுக்கு 15. எங்கள் இரண்டுக்கும் 1.

அணைந்திருக்கும் ஸ்விட்சைக் கேபிளில் கோத்துவிட்டுப் பிறகு ஆன் செய்தால், அது ஏற்கெனவே இருக்கும் மாஸ்டரைப் பார்த்து உறுப்பினராகச் சேர்ந்துகொள்ளும். தனியாக ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விட்சோ தன்னளவில் ஒரு மாஸ்டர். அதைக் கோத்தால் இரண்டு ஸ்டாக்குகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. இரண்டு மாஸ்டர்களில் ஒருவரே நிலைக்க முடியும் என்பதால் தேர்தல் நடக்கும், பிரயாரிட்டி அதிகமுள்ளது வெல்லும். தோற்ற பக்கத்தில் இருப்பவை எல்லாம் ரீலோட் ஆகி, வென்றதன் கான்பிகரேஷனை ஏற்றுக்கொள்ளும். வென்றதிடம் இருந்ததோ நான் துடைத்துவைத்த வெற்றுக் கான்பிகரேஷன். விலான்கள் (நெட்வொர்க்கின் உட்பிரிவுகள்), டிரங்க் (அவற்றை மற்ற ஸ்விட்சுகளுக்குக் கொண்டுபோகும் இணைப்பு), மேலாண்மை ஐபி (ஸ்விட்சைத் தூரத்திலிருந்து அணுகும் முகவரி) எல்லாமே போயின.

இதில் எனக்கு இன்றும் உறுத்துவது அந்த 15தான். முந்தைய இடத்தில் அது மாஸ்டராக இருந்தபோது யாரோ வைத்த எண். ஆன் ஆகும்போது ஏற்றப்படும் ஸ்டார்ட்அப் கான்பிகை அழித்தாலும் உறுப்பினர் எண்ணும் பிரயாரிட்டியும் அழிவதில்லை, அவை வேறிடத்தில் சேமிக்கப்படுகின்றன. எங்கள் ஸ்டாக்கிலோ பிரயாரிட்டியை யாரும் தொட்டதே இல்லை, டிஃபால்ட் 1 அப்படியே கிடந்தது. ஓடுகிற ஒன்றை யாரும் கவனிக்காமல் விட்டிருந்தோம். நானும் அவர்களில் ஒருவன்.

அன்று மாலையே கான்பிகரேஷனை லேப்டாப்பில் நகலெடுத்து வைத்திருந்தேன். ஆனால் அதை அப்படியே ஒட்ட முடியவில்லை. வந்த ஸ்விட்சின் எண்ணும் 1 என்பதால், எங்கள் முதல் ஸ்விட்ச் 3 ஆக மாறியிருந்தது. கேபிள் செருகும் போர்ட்டுகளின் பெயரில் ஸ்விட்சின் எண்ணும் இருப்பதால், போர்ட் பெயர்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. வந்ததைக் கழற்றி வைத்து, எங்கள் முதல் ஸ்விட்சின் எண்ணை மாற்றி, மறுபடி ரீலோட் செய்து, அதன் பிறகே நகலை ஏற்றினேன். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆனது. இரவுப் பணியில் இருந்தவர்களின் தொலைபேசிகள் அதுவரை ஊமையாகக் கிடந்தன. மறுநாள் அவர்களிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அதே வேலையை நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். முதலில் எங்கள் மாஸ்டருக்கு 15, அடுத்ததற்கு 14 என்று வைத்தேன். சேர வேண்டியதை மேசையில் ஆன் செய்து, பிரயாரிட்டியை 1 ஆக்கி, அணைத்து, பவர் கார்டையே உருவி எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். வருவதற்கு முன்பே ஸ்டாக்கில் அதற்கு எண் 3 ஒதுக்கி, அதன் போர்ட்டுகளுக்கான விலான்களையும் எழுதிவைத்தேன். ஸ்விட்ச் வராமலே அதன் போர்ட்டுகளுக்குக் கட்டளை எழுத முடிவது எனக்கு மிகவும் பிடித்த வசதி.

வளையத்தில் ஒரு கேபிளை மட்டும் கழற்றினேன். ஒன்றைக் கழற்றினால் வேகம் பாதியாகும், ஸ்டாக் உடையாது. இரண்டையும் எடுத்தால் உடைந்துவிடும். அரை மீட்டர் கேபிளால் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு, நீளமான கேபிளால் மூன்றாவதிலிருந்து முதலாவதுக்கு. இணைப்பான்களின் திருகுகளைக் கையால் இறுக்கினேன். கன்சோலில் இன்னொரு முறை படித்துப் பார்த்தேன், இரண்டும் ‘ரெடி’.

பிறகுதான் பையிலிருந்து பவர் கார்டை எடுத்தேன். மேலே இருந்த இரண்டின் விளக்குகளும் அசையவில்லை. சில நிமிடங்களில் மூன்றாவது வரி வந்தது: மெம்பர், பிரயாரிட்டி 1, ரெடி. கான்பிகைச் சேமித்துவிட்டு, ஒரு காகிதத்தில் ‘ஸ்விட்ச் 3, கழற்றினால் எண்ணையும் பிரயாரிட்டியையும் 1 ஆக்கவும்’ என்று எழுதி அதன் முகப்பில் ஒட்டினேன்.