கத்தினா பலூன்

வெள்ளிக்கிழமை பின்னேரம் திருகோணமலை டச்பே கடற்கரைக்குப் போறது எங்கட வீட்டுப் பழக்கம். மனுசன் வேலையால வர ஆறு மணி தாண்டும், அதுக்குள்ள நானும் நாலு வயசு மகனும் ஒரு சுத்து போய், மானைப் பாத்திட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு வந்திடுவம். கச்சானால ஒரு பிரச்சினையும் இல்ல. பலூன்தான் பிரச்சினை.

அண்டைக்கு வேண்டாம் எண்டன், சிணுங்கினான். திருப்பியும் வேண்டாம் எண்டன், கத்தத் தொடங்கினான். மூண்டாந்தரம் சொல்லேக்க ஆள் மண்ணில, உருண்டு பிரண்டு, ஒரு செருப்பைக் கழட்டி எறிஞ்சு, காதுக்குள்ள எல்லாம் மண், சனம் திரும்பித் திரும்பிப் பாக்குது, அதுக்குள்ள தெரிஞ்ச முகங்கள் வேற. பேசாம காசைக் குடுத்து பலூனை வாங்கிக் கையில குடுத்திட்டன். டப்பெண்டு அழுகை நிண்டுது. மூக்குச்சளி காயேல்ல, அதுக்குள்ள சிரிக்கிறான் கள்ளன்.

ரெண்டு வருசமா பிள்ளை வளர்ப்பு பற்றி உளவியல் கட்டுரைகள் வாசிக்கிற பைத்தியம் ஒண்டு எனக்குப் பிடிச்சிருக்கு (வாசிக்கிறது ஒண்டு, செய்யிறது ஒண்டு எண்டு மனுசன் பகிடி பண்ணுவார், அது உண்மைதான்). அதில எனக்குப் பிடிச்ச ஆள் ஜெரால்ட் பேட்டர்சன், அமெரிக்காவில ஒரிகனில இருந்த உளவியலாளர். அவரின்ட ஆக்கள் குழப்படிப் பிள்ளையள் இருக்கிற வீடுகளுக்கே போய் இருந்து, ஆர் என்ன சொன்னது, அதுக்கு மற்ற ஆள் என்ன செய்தது எண்டு வரிசையா எழுதி எடுத்தவை. 1982ல அதைப் பற்றி பெரிய புத்தகமும் வந்தது. அவர் சொல்றது என்னண்டா, பிள்ளை கத்துது, தாய் விட்டுக்குடுக்கிறா, கத்தல் நிக்குது. பிள்ளைக்கு பலூன் லாபம். தாய்க்கும் லாபம் இருக்கு, சத்தம் நிண்டுதே! அதால ரெண்டு பேரும் அடுத்தமுறையும் அதையேதான் செய்வினம். அவனுக்கு கத்தப் பழக்கினது நான், எனக்கு பேர்ஸைத் திறக்கப் பழக்கினது அவன். இதே மாதிரித்தான் நாங்கள் குரலை உயர்த்திறதும், ஒருக்கா உறுக்கினா அடங்கிறான் எண்டு கண்டால் பிறகு எல்லாத்துக்கும் உறுக்கல்தான், அவனும் அதுக்கு மேல கத்தப் பழகுவான், எங்க போய் முடியும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

இதை வாசிச்ச அண்டைக்கு அரைமணித்தியாலம் குசினியில சும்மா இருந்தன். பிழை முழுக்க என்னிலதான் போல எண்டு. மாமியும் அதைத்தான் சொல்றவ, 'வளர்ப்பு சரியில்ல பிள்ளை, எங்கட காலத்தில பூவரசந்தடியைக் காட்டினாலே போதும்' எண்டு.

பிறகுதான் இன்னொண்டைக் கண்டன். 1986ல கனடாவில ஹியூ லிட்டனும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து செய்த ஆய்வு. நடத்தைப் பிரச்சினை உள்ள பெடியங்களின்ட தாய்மாரையும், சாதாரணப் பெடியங்களின்ட தாய்மாரையும் எடுத்து, பிள்ளையளை மாத்தி மாத்தி விட்டுப் பாத்திருக்கினம். அதாவது ஒரு தாய் தன்ட மகனோடயும் இருப்பா, வேற வீட்டுக் குழப்படிக்காரனோடயும் இருப்பா. என்ன நடந்தது? குழப்படிக்காரனோட விட்டால் எந்தத் தாயும் கூடவா கட்டளை போடுறா, கூடவா ஏசுறா. 'நல்லா வளர்த்த' தாயும்தான்! ஆக பிள்ளையும் தாயை ஆக்கிறான். மாமிக்கு இதைச் சொன்னன், 'உதெல்லாம் வெள்ளைக்காரன்ட கதை' எண்டுட்டு மீன் வெட்டப் போட்டா.

அதுக்காக நான் தப்பிட்டன் எண்டு இல்ல. எனக்கு இப்ப இருக்கிற பெரிய பிரச்சினை பத்துத்தரத்தில ஒருக்கா விட்டுக்குடுக்கிறதுதான். எப்பவும் குடுத்துப் பழக்கினதை நிப்பாட்டினா பிள்ளை கெதியா விட்டிடுமாம், ஆனா இடைக்கிடை குடுத்துப் பழக்கினது லேசில போகாதாம். கோயில் திருவிழாவில லொத்தர் ரிக்கெட் சுரண்டிற ஆக்களைப் பாத்தா விளங்கும், ஒருக்கா பரிசு விழுந்தவர் வீட்டை போகவே மாட்டார். அதோட நிப்பாட்டத் தொடங்கினா சிலவேளை முதல்ல கத்தல் கூடும், பிறகுதான் குறையும், அந்தக் கூடுற நேரத்திலதான் தாய்மார் எல்லாரும் கவிழுறது.

எண்டாலும் முடிவெடுத்தன். முதல் வெள்ளி பதினேழு நிமிசம் கத்தினான், மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டே பக்கத்தில இருந்தன், ஏசவும் இல்ல, குடுக்கவும் இல்ல. அடுத்த வெள்ளி பதினொண்டு. போன கிழமை நாலு நிமிசத்தில குரல் தணிய, நான் மனசுக்குள்ள பேட்டர்சனுக்கு தேங்காய் உடைச்சுக்கொண்டு இருக்க, பலூன்கார ஐயா கிட்ட வந்தார். 'பாவம் பிள்ளை, காசு வேண்டாம் தங்கச்சி' எண்டு ஒரு நீலப் பலூனை அவன்ட கையில கட்டி விட்டிட்டுப் போறார்.

மகன் என்னைப் பாத்த பார்வை இருக்கே.