ஜூன் மாதப் பனி

ஜூன் கடைசியில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் இருக்கும் பேர்டூத் கணவாய்க்குப் போவதென்று முடிவாகிவிட்டது. பகலில் பனிச்சறுக்கு, இரவில் கூடாரம். 10,947 அடி உயரம் என்பதால் கோடையிலும் சரிவுகளில் பனி கிடக்கும். குளிர்காலம் முழுக்க மூடிக்கிடக்கும் சாலை, வழக்கமாக மே கடைசியில்தான் திறக்கும்.

நேரம்தான் முக்கியம். இரவில் இறுகிய பனி விடியலில் கண்ணாடி மாதிரி இருக்கும். சறுக்குப் பலகைக்குப் பிடியே கிடைக்காது. வெயில் ஏறி, மேலே ஒரு விரற்கடை மட்டும் இளகி, சர்க்கரைக் குருணை போல ஆகும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் போகிறோம். கணுக்கால் வரை புதைய ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும், ஈரப்பனி சரியும் ஆபத்து உண்டு.

கூடாரம் கணவாய் மேலேயே வேண்டாம், காற்று பிய்த்துவிடும். கீழே மரங்கள் இருக்கும் பக்கம் போடலாம். அப்புறம், கிரிஸ்லி கரடிகள் நடமாடும் இடம். சாப்பாடு, பற்பசை எதுவும் கூடாரத்துக்குள் கூடாது. எனக்கு இப்போதே தூக்கம் வரவில்லை.